கொக்கியக்கா மேலே பேசிக்கொண்டிருக்கிறாள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் மச்சினனிடமிருந்து எடுத்தது. எடுத்தது என்று நாகரிகமாகச் சொல்கிறேன். அவனைக் கேட்டால் வேறு வார்த்தை சொல்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கை காய்ந்துபோனது கூடத் தெரியாமல் உட்கார்ந்து, வேலையிடத்தில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொன்னான். வயிறு குலுங்கச் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் என் மனதில் முதல் பாரா ஓட ஆரம்பித்துவிட்டது. அவன் கண்டுபிடித்துவிட்டான். "மாமா, உங்க மூஞ்சி மாறுது. இத எழுதப் போறீங்களா?" என்றான். சேச்சே, அப்படியெல்லாம் செய்வேனா என்றேன்.

இதோ செய்கிறேன்.

மச்சினனுக்குக் கட்டட வேலை. உயரமான கிரேனுக்குக் கீழே நின்று, மேலே கூண்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு வாக்கிடாக்கியில் வழி சொல்லும் சிக்னல்காரன். தொண்டை இருந்தால் போதும் என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்வான். பொறுமையும் வேண்டும், அது அவனிடம் கொஞ்சம் மட்டு. மேலே கூண்டில் இருப்பவள்தான் நம் கதாநாயகி. நாற்பதைத் தாண்டியவள். கிரேனின் கொக்கி அவள் கையில் என்பதால் சைட்டில் எல்லோருக்கும் அவள் கொக்கியக்கா.

வேடிக்கை இவ்வளவுதான்: கொக்கியக்கா தினமும் கூண்டில் தனியாக உட்கார்ந்து கடவுளிடம் பேசுவாள். ஒரு நாள் அந்தப் பேச்சு சைட் முழுக்கக் கேட்டுவிட்டது. சிரிப்பதற்கு இது போதும். எழுதுகிறவனுக்குப் போதாது, அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அப்புறம் அவங்களுக்குப் பேச்சே வரல மாமா" என்றான். சிரிப்பு நின்றது. கதை பிறந்தது அந்த நிமிடத்தில்தான்.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"அதிகாலைச் சூரியன் பொன்னொளி வீச, விண்ணை முட்டும் அந்த இரும்புக் கோபுரத்தின் உச்சியில்—" வேண்டாம். சூரியன் தன் பாட்டுக்கு வரட்டும்.

"மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலான உறவு என்பது ஆதிகாலந்தொட்டே—" இது கட்டுரை. எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

"கடவுளே, இந்தப் படியில யாரு கிரீஸ கொட்டினது?"

இது இருக்கட்டும். இது நான் எழுதியது இல்லை, அவளே சொன்னது. ஏணியில் கால் வைத்ததும் அவளுக்கு வாய் திறந்துவிடும். முதல் சில படிகள்வரை கீழே நிற்பவன் காதிலும் விழும்.

3

கூண்டுக்கு ஏற லிஃப்ட் கிடையாது. செங்குத்தான ஏணி, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொள்ள இரும்புத் தட்டு. மற்ற ஓட்டுநர்கள் முனகிக்கொண்டே ஏறுவார்கள். கொக்கியக்கா பேசிக்கொண்டே ஏறுவாள். முதலில் முட்டி வலி. நீ கொடுத்த முட்டிதானே, நீயே பார்த்துக்கொள் என்று பொறுப்பை ஒப்படைத்துவிடுவாள். அடுத்து வீட்டுக்காரர். அவர் தொலைதூர லாரி ஓட்டுகிறவர். இன்றைக்கு எந்தச் சாலை, எந்த வளைவு, எந்த இடத்தில் அவருக்குக் கண் சொருகும் என்றெல்லாம் வரிசையாகச் சொல்லி, அங்கங்கே பார்த்து அழைத்துப் போகச் சொல்வாள். அதற்குள் கூண்டு வந்துவிடும். கதவைச் சாத்தி உட்கார்ந்தால் நன்றி சொல்லும் நேரம். காற்று அடங்கியிருப்பதற்கு, கால் கடுக்காமல் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு, தனக்குக் கீழே பறக்கும் புறாக்களுக்கு. பறவையின் முதுகைப் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

பிறகு நாள் முழுக்க, ஒரு சரக்குக்கும் அடுத்த சரக்குக்கும் நடுவே, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அடுப்படியில் நின்றபடி கூடத்தில் இருக்கும் ஆளிடம் பேசுவதில்லையா, அப்படி. பதில் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதில்லை. ஆள் இருக்கிறார் என்று தெரியும். சண்டை போட்ட நாட்களும் உண்டு. அன்றைக்கு மட்டும் பேசாமல் இருப்பாள் என்று நினைக்காதீர்கள். "உங்கூட இனிமே பேச மாட்டேன்" என்பதையே சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

[குறிப்பு: கதவைச் சாத்திய பிறகு அவள் பேசுவது உனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கதை எழுதுகிறவனுக்குப் பாத்திரத்தின் மனம் முழுக்கத் தெரியும் என்று ஓர் ஏற்பாடு ரொம்ப நாளாக இருக்கிறது. நீங்கள் அதைக் கிளறாத வரைக்கும் என் பிழைப்பு ஓடும்.]

4

அன்று காலை கான்கிரீட் லாரி வரத் தாமதம். மேலே ஏறியவளுக்கு வேலை இல்லை. கொண்டுபோன டிபன் பாக்ஸை இருக்கைக்குப் பக்கத்து இடுக்கில் செருகினாள். வாக்கிடாக்கியும் அதே இடுக்கில்தான் கிடந்தது. டிபன் பாக்ஸின் மூலை பேசும் பொத்தானின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கருவியில் ஒருவர் பொத்தானை அழுத்திவிட்டால் மற்றவர்கள் கேட்கத்தான் முடியும். வாய் திறக்க முடியாது. ஆகவே கீழே மேஸ்திரியின் இடுப்பில், என்ஜினியரின் மேசையில், கேன்டீன் அலமாரியில் என்று எங்கெல்லாம் வாக்கிடாக்கி இருந்ததோ அங்கெல்லாம் கொக்கியக்காவின் குரல் கிளம்பியது.

முதலில் என்ஜினியர். "அந்த மனுஷனுக்கு நல்ல தூக்கத்தக் குடு கடவுளே. ராத்திரி தூங்காதவன் பகல்ல என்ன பண்ணுவான், கத்தத்தான் செய்வான்." யார்மேலோ கத்திக்கொண்டிருந்த என்ஜினியர் பாதியில் வாயை மூடினாராம். அடுத்து, நாள் முழுக்க ஒரே பாட்டைப் பாடுகிற மேஸ்திரி. அவர் பாடுவதை நிறுத்தச் சொல்லி அவள் கேட்கவில்லை. வேறு பாட்டும் ஒன்றிரண்டு அவருக்கு ஞாபகம் வரட்டும் என்றுதான் கேட்டாள். அடுத்து கேன்டீன். அதை நடத்துவது அவளுடைய நாத்தனார். "டீயில சர்க்கரைய அள்ளிப் போடுறா. நான் சொன்னா நாத்தனார் சண்டையாயிரும். நீ சொன்னா கேப்பா, நீயே பக்குவமா சொல்லிரு." நாத்தனார் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

தகவல் சொல்லவும் வழி இல்லை. மச்சினன் திறந்த வெளிக்கு ஓடி இரண்டு கையையும் ஆட்டினான். கொக்கியக்கா குனிந்து பார்த்தாள். "பாரேன், இந்தத் தம்பி காலங்காத்தால எவ்வளவு சந்தோஷமா கைய ஆட்டுறான். அவன் மனசுல என்ன இருக்கோ, அதுக்கும் உனக்கு நன்றி." சைட்டே விழுந்து விழுந்து சிரித்தது.

அதற்கப்புறமும் அவள் கொஞ்ச நேரம் பேசியிருக்கிறாள். தணிந்த குரலில், எதையும் கேட்காமல், யாரைப் பற்றியும் சொல்லாமல், கடவுளிடம் மட்டும். மேஸ்திரி தன் வாக்கிடாக்கியை அணைத்தார். அதைப் பார்த்து அடுத்தவர் அணைத்தார். ஒவ்வொன்றாக எல்லாம் அணைந்தன. மச்சினன் ஏணியில் ஏறிப் போய்க் கண்ணாடியைத் தட்டி, டிபன் பாக்ஸைக் காட்டினான்.

கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்டேன். மற்ற எல்லாவற்றையும் குரல் மாற்றி நடித்துக் காட்டியவன் இதற்குத் தலையை ஆட்டினான். "அது மட்டும் வேணாம் மாமா. அது நாம கேக்குறதுக்காகச் சொன்னது இல்ல."

இவன் கடவுள் நம்பிக்கை இல்லாதவன் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

5

அவன் சொல்லாவிட்டால் என்ன, நானே எழுதிக்கொள்வேன் என்று உட்கார்ந்தேன்.

"இறைவா, நீ இல்லையேல் என் வாழ்வில்—" அடித்தேன்.

"உன்னோட இருக்குறதுக்குத்தான் நான் தினமும் இந்த ஏணியில—" இது கொஞ்சம் பக்கத்தில் வந்தது. அதனாலேயே கூச்சமாகி, அடித்தேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகப் பேனாவைக் குறை சொன்னேன், நாற்காலியை மாற்றினேன். என் மனைவி படித்துப் பார்த்துவிட்டு, பேசிப் பழக்கம் இருந்தால்தானே எழுத வரும் என்றாள். நியாயம்தான். நான் கடவுளைக் கூப்பிடுவது மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்வது மாதிரி. கரண்ட் போனால்தான் நம்பர் ஞாபகம் வரும். கொக்கியக்கா மாதிரி விளக்கு எரிகிறதற்கு நன்றி சொல்லவே போன் செய்கிற ஆளை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று பேனாவை மூடி வைத்தேன். பிறகு, அவள்மேல் வந்த பொறாமையில் திறந்தேன்.

இன்னொரு சந்தேகமும் வந்தது. அவள் ரொம்ப நல்லவளாகப் போய்க்கொண்டிருக்கிறாள். இப்படிப்பட்டவர்களோடு கதையில் நாலு பக்கத்துக்கு மேல் இருக்க முடியாது. ஆகவே இதையும் சொல்கிறேன்: கொக்கியக்காவுக்கு மூக்கின் மேல் கோபம். மற்ற கிரேன் ஓட்டுகிறவர்களைப் பாராட்டினால் முகம் சுருங்கிவிடும். நாத்தனார் புதுச் சேலை கட்டினால் முதல் நாள் அது அவள் கண்ணில் படவே படாது.

6

இனி அவள் பேச்சு போன கதை.

கேலி செய்ததால் போயிற்று என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கேலிக்கெல்லாம் அசருகிறவள் இல்லை அவள். மறுநாள் சர்க்கரையே போடாத டீயை நாத்தனார் ஒரு வார்த்தை பேசாமல் நீட்டியபோது, இவளும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக் குடித்து, இன்னொன்று கேட்டாள். அந்தக் கணக்கு அதோடு தீர்ந்தது. என்ஜினியர் குட்மார்னிங் சொல்ல ஆரம்பித்தார். கம்பி கட்டுகிறவர்கள் மகளின் பரீட்சை, மனைவியின் கால் வீக்கம் என்று வந்து நின்று, உங்களுக்குத்தான் மேலே செல்வாக்கு இருக்கிறதே, ஒரு வார்த்தை போட்டு வையுங்கள் அக்கா என்றார்கள். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

அவளைக் கட்டிப்போட்டது வேறு. கூண்டுக் கதவைச் சாத்துவாள். பொத்தானைப் பார்ப்பாள், இன்னொரு தரம் பார்ப்பாள். வாயைத் திறந்தால், யாரோ பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அவளே தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பாள். கேட்டதும் அது யாருக்கோ சொல்லிக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும். சின்ன வயதில் மனப்பாடம் செய்த வழிபாட்டு வரிகளைச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் சரியாக வந்தது, ஒன்றும் ஒட்டவில்லை. நேற்றுவரை கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த கடவுள் இன்று மேசைக்கு அந்தப் பக்கம் பெரிய அதிகாரியாக உட்கார்ந்திருந்தார்.

அவள் தவித்துப்போனாள். அதோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. இத்தனை காலமும் அவள் சொல்லச் சொல்லத்தான் அவர் பார்த்துக்கொள்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. இப்போது லாரியில் போயிருக்கிற மனிதருக்கு வளைவுகளை யார் சொல்வது? ராத்திரியெல்லாம் புரண்டாள். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் ஒரு கீறல் இல்லாமல், விசில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நிம்மதியில் அவளுக்குக் கண்ணீரே வந்தது. கொஞ்சம் ரோஷமும் வந்தது. நான் சொல்லாமலே வந்துவிட்டாரா இந்த மனுஷன்?

7

கட்டடத்தின் பின்பக்கம் கண்ணாடிக் கட்டு ஒன்றை இறக்க வேண்டியிருந்தது. அந்த இடம் கூண்டிலிருந்து தெரியாது. இப்படிப் பார்க்காமல் இறக்கும் வேலைக்கு ஒரு விதி உண்டு. சிக்னல்காரன் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கு, இறக்கு, இறக்கு, மெல்ல, மெல்ல. அந்தக் குரல் காதில் விழும்வரைதான் ஓட்டுகிறவர் கையை அசைக்கலாம். குரல் நின்றால் கையும் அந்த நொடியே நின்றுவிட வேண்டும்.

மச்சினன் பேசிக்கொண்டிருந்தான். இறக்கு, இறக்கு, இற— அவனுடைய பேட்டரி தீர்ந்துபோயிற்று.

கொக்கியக்காவின் கை நின்றது. கண்ணாடிக் கட்டு அவள் பார்க்க முடியாத இடத்தில், ஆட்களின் தலைக்குக் கொஞ்சம் மேலே தொங்கியது. லேசாகக் காற்று. அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். மச்சினன் ஓடிப் போய் வேறு வாக்கிடாக்கி வாங்கி வந்து, அக்கா இருக்கீங்களா என்றான். இருக்கேன், சொல்லு என்றாள். கட்டு பத்திரமாகத் தரையில் அமர்ந்தது.

இடைவேளையில் கேன்டீனில் மச்சினன் டீயைத் தொடவில்லை. பேட்டரியைக் காலையிலேயே பார்த்திருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டான். அவனைத் தேற்றத்தான் கொக்கியக்கா இதைச் சொன்னாள்.

"நீ பேசலன்னா நான் என்ன, சரக்கக் கீழ விட்டுருவேனா தம்பி? புடிச்சுட்டேதான் இருப்பேன்."

சொன்னவள் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மச்சினன் என்னக்கா என்றான். அவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. அது பெரிதாகி, தோள் குலுங்கி, டீ மேலெல்லாம் சிந்தியது. நாத்தனார் எட்டிப் பார்த்து, இன்னைக்கு சர்க்கரை சரியாத்தானே போட்டேன், எதுக்கு இவ சிரிக்கிறா என்றாள். கொக்கியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். இடைவேளை முடியவில்லை. அவள் ஏணியை நோக்கி நடந்தாள், ஓட்டம் என்றே சொல்லலாம்.

[குறிப்பு: இந்த இடத்தில் அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று விளக்கி ஒரு பாரா எழுதினேன். மனைவி அதன்மேல் காப்பி டம்ளரை வைத்துவிட்டாள். அப்படியே இருக்கட்டும்.]

8

இனி முடிவு. கையில் சில இருக்கின்றன.

ஒன்று. கொக்கியக்கா கூண்டில் உட்கார்ந்து, பொத்தானைத் தானே அழுத்தி, சைட்டில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் உரக்க வேண்டுகிறாள். கீழே எல்லோரும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். எழுதும்போது நானே அழுதேன். மறுநாள் படித்தால் மேடைப் பேச்சாக இருந்தது.

இரண்டு. அவள் தயங்கித் தயங்கிக் கடவுளே என்கிறாள். வாக்கிடாக்கி கரகரக்கிறது. "சொல்லும்மா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்." மச்சினனுக்குப் படித்துக் காட்டினேன். எந்த சேனல்ல மாமா என்று கேட்டான். அடித்துவிட்டேன்.

மூன்று. சிக்னல்காரன் மனம் மாறிக் கடவுளை நம்பத் தொடங்குகிறான். இதையும் படித்துக் காட்டினேன். இனி ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரமாட்டேன் என்றான்.

ஆக, நடந்ததையே எழுதுவது என்று உட்கார்ந்தேன். அவள் ஏறுகிறாள். முட்டி வலிக்கிறது, கவனிக்கவில்லை. கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். வாக்கிடாக்கியைக் கூண்டுச் சுவரின் கொக்கியில் மாட்டுகிறாள். பொத்தானில் ஒன்றும் உரசவில்லை. சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கிறது. சொல்வதற்கு அவளிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. வாயைத் திறக்கிறாள்—

வரவில்லை.

வாக்கியத்தை மாற்றி எழுதினேன். வாயைத் திறந்தாள், வரவில்லை. உதடு அசைந்தது, வரவில்லை. அவளிடம் இப்போது பயம் இல்லை, கூச்சம்கூட இல்லை. பிறகு ஏன் வரவில்லை? ஒரு வாரம் இந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு கிடந்தேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது.

அது ஒருவர் உட்காரும் கூண்டு. அதற்குள் நான் இருக்கிறேன், மூன்றாம் பகுதியிலிருந்து. அவள் தோளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, என்ன சொல்லப்போகிறாள் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் நீங்கள். அந்த டிபன் பாக்ஸ் நான்தான். மேஸ்திரிக்கு அணைக்கத் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை.

எழுந்திருங்கள், போகலாம். நான் முதலில் இறங்குகிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள். கீழே பார்க்காதீர்கள், இரண்டு கையாலும் பிடியுங்கள், கிரீஸ் இருக்கிற படியைத் தாண்டிக் காலை வையுங்கள். கதவை நன்றாகச் சாத்தினீர்களா? சரி.

தரைக்கு வந்தாயிற்று. இங்கிருந்து பார்த்தால் கூண்டின் கண்ணாடியில் வானம்தான் தெரிகிறது. மச்சினன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவங்க தலை ஆடுது மாமா, கையெல்லாம் ஆட்டிப் பேசுறாங்க என்கிறான். அவனுக்கு என்ன சந்தோஷம் என்று அவனுக்கே தெரியாது. நாத்தனார் இரண்டாவது டீ போட்டுக்கொண்டிருக்கிறாள், நமக்கும் சேர்த்து.

அவள் முதலில் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கு ஓர் ஊகம் இருக்கும். என்னிடம் சொல்ல வேண்டாம், நான் எழுதிவிடுவேன். வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அதைச் சொல்ல வேண்டியவரிடம் நீங்களே சொல்லுங்கள்.